நம்பர் பிளேட்

ஜே.சி. ரோட்டில் எட்டடிக் கடை எனக்கு.
எண் வெட்டி ஒட்டுவது வேலை.
டி.என்., கே.ஏ. இரண்டுக்கும் ஒரே ரேட்டு,
ஒரே கறுப்புச் சுருள், ஒரே பிளேடு.

தண்ணீர் திறக்கச் சொல்லித் தீர்ப்பு வந்த மறுநாள்
ஓசூர் லோடு வண்டிக்காரன் ஒருவன்
வண்டியைச் சந்துக்குள் விட்டுவிட்டு நடந்து வந்தான்.
"ரெண்டு எழுத்து மட்டும் அண்ணா.
ரெண்டு நாளைக்கு."
சட்டப்படி குற்றம் என்றேன்.
சொல்லிக்கொண்டே 'கே' வெட்டினேன்.

பன்னிரண்டு மணிக்குள் தெரு முழுக்க ஷட்டர்.
நான் இங்கேயே பிறந்தவன்.
கனவில் திட்டுவது கன்னடத்தில்,
காசு எண்ணுவது தமிழில்.
அன்றைக்கு மனசுக்குள் எண்ணினேன்.

பக்கத்துக் கடை புட்டசாமி, சீட் கவர் தைப்பவர்,
தன் ஸ்டூலைத் தூக்கி வந்து
பாதி இறக்கிய என் ஷட்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.
பாசம் என்று சொல்லமாட்டேன்.
சீட்டுப் பணத்தில் நாலு தவணை நான் பாக்கி.
"உன் கடை எரிஞ்சா நான் யார்கிட்ட வசூல் பண்றது?"

மத்தூரில் அவர் தங்கைக்கு ஒன்றரை ஏக்கர்.
நாற்று காய்ந்த படம் அவர் போனின் முகப்பிலேயே இருக்கும்.
அதை நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்,
திருத்துறைப்பூண்டிப் பக்கம் என் மாமனாரின் குறுவை பற்றி
நான் போனில் பேசும்போது
அவர் கேட்காத மாதிரி இருப்பதுபோல.
பதினாலு வருஷ மரியாதை.

மூன்று மணிக்கு அந்த வீடியோ வந்தது.
அவருக்கு அவர் குரூப்பில், எனக்கு என் குரூப்பில்.
அவர் போன் பெரிசு, அதிலேயே பார்த்தோம்.

ஒரு லாரி. கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது.
டிரைவரைக் கீழே இழுக்கிறார்கள்.
ஐம்பது வயசு இருக்கும். ஒரு காலில் செருப்பு இல்லை.
ஓர் அறை விழுகிறது.

விழுந்ததும் நான் செய்த முதல் காரியம்
நம்பர் பிளேட்டைத் தேடியது.
எழுத்து தெரிந்தால்தானே
பதறுவதா, 'வேணும் அவனுக்கு' என்பதா
என்று முடிவாகும்.
தொழில் பழக்கம் என்று சமாளிக்கலாம்.
புட்டசாமி சீட் கவர் தைப்பவர்.
அவரும் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி
அதே இடத்தைத்தான் தேடினார்.

பிளேட் முழுக்கச் சேறு.
பயந்துபோய்ப் பூசியது. எந்த ஊர் தாண்டும்போதோ.

இரண்டாவது அறை.
அவன் கத்தியதில் மொழி இல்லை.
புட்டசாமியின் கை தன் கன்னத்துக்குப் போனது.
என் வயிறு ஒரு சுருட்டு சுருட்டியது.
பதினொரு விநாடி இருக்கும்.

பிறகு கேமரா பக்கவாட்டில் திரும்பியது.
கதவில் சாமி பேர், கீழே ஊர் பேர்.
எங்களில் ஒருவர் மூச்சு விட்டார்.
யார் என்று எழுதினால்
நீங்களும் பிளேட்டைத் தேடுவீர்கள்.

சாயங்காலம்வரை பேசிக்கொள்ளவில்லை.
நடுவில் ஒரு கூட்டம் கொடியோடு போனது.
புட்டசாமி எழுந்திருக்கவில்லை, கையும் அசைக்கவில்லை.
ஏழு மணிக்கு ஸ்டூலைத் தூக்கும்போது கேட்டார்:
"இன்னொரு செருப்பு எங்க போச்சு, பாத்தியா?"

மறுபடி போட்டுப் பார்த்தோம், நிறுத்தி நிறுத்தி.
லாரிக்கு அடியில், இடது சக்கரத்தை ஒட்டி,
கவிழ்ந்து கிடந்தது.