முக்கோணப் பலகை

போஸ்னா ஆறு வாசற்படியை நக்கியபோது
முதலில் மெயின் சுவிட்சை இறக்கினேன்.
இருபது வருஷம் வீடு வீடாய் மீட்டர் பார்த்தவள் நான்.
தண்ணீரும் கரண்டும் சந்தித்தால்
யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

கேஸை மூடினேன்.
குழாயில் நல்ல தண்ணீர் வரும்போதே
குடம், கெட்டில், பூச்சாடி வரை நிரப்பினேன்.
ரப்பர் பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கி
மாடி ஏறினேன்.

பக்கத்து வீட்டு ல்யூபோமிருக்கு மாடி இல்லை.
நாயோடு வந்தான்,
கோட்டுக்குள் ஒரு கோழி.
போர் முடிந்ததிலிருந்து
வேலியோரம் நின்று
வானிலை மட்டுமே பேசிக்கொண்டவர்கள் நாங்கள்.
அன்று வானிலை
எங்களை ஒரே மெத்தையில் உட்காரவைத்தது.

ஜன்னலில் சிவப்புத் தலையணை உறையைக் கட்டினேன்,
படகுக்காரர் கண்ணில் படட்டுமென்று.

நள்ளிரவில் எழுந்தான்.
"ஒரு தகரப் பெட்டி. எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.
முழங்கால் ஆழம்தானே, ஸும்ரேதா."
"முழங்கால் போதும் ஆளைச் சாய்க்க.
என் வீட்டுச் சாக்கடை மூடி
இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ."
உட்கார்ந்தான்.
பெட்டியில் என்ன என்று நான் கேட்கவில்லை.
கொஞ்ச நேரத்தில் அவன் விறகுக்கொட்டகை
கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி
விடைசொல்லிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் ஆறு இறங்கியது.
சேற்றை விட்டுப் போனது,
நாற்றத்தையும்.

நாற்பத்து மூன்று ஜாடி அய்வர்.
போன இலையுதிர் காலத்தில்
இரண்டு நாள் சிவப்பு மிளகாய் சுட்டு
விரல் நுனி எரிய உரித்து அரைத்தது.
மூடிகள் இறுக்கமாகத்தான் இருந்தன.
"வேகவைத்தால்?" என்றான் ல்யூபோமிர்.
"அந்தத் தண்ணீரில் ஊர்க் கக்கூஸ் எல்லாம் இருக்கிறது."
ஒவ்வொன்றாய்க் குழிக்குள் இறக்கினேன்.
கடைசி ஜாடியைக் கொஞ்சம் மெதுவாக.

ஃபிக்ரெத்தின் பையன் வந்தான்,
"ஒரு நொடி போட்டுப் பார்க்கலாமே அக்கா" என்று
ஃபியூஸ் பெட்டிப் பக்கம் கை நீட்டிக்கொண்டு.
குறுக்கே நின்றேன்.
சுவருக்குள் ஆறு இன்னும் இருந்தது.
உள்ளங்கை வைத்தால் தெரியும்.
பதினொரு நாள் மெழுகுவத்தி,
கொதிக்கவைத்த தண்ணீர்,
கையுறைக்குள் ஊறிப்போன விரல்கள்.

பன்னிரண்டாம் நாள்
பின்கட்டு பிளம் தோப்பில் அதைப் பார்த்தேன்.
சிவப்பு முக்கோணம். நடுவில் மண்டையோடு.
எதிர்மலையில் இருபது வருஷமாய்
நட்ட இடத்தில் நின்ற பலகை.
அதைத் தாண்டக் கூடாதென்று
ஊரில் ஆட்டுக்குக்கூடத் தெரியும்.
மலை சரிந்து, பலகை வந்துவிட்டது.
அது காவல் காத்தது
கூடவே வந்ததா,
வழியில் இறங்கிக்கொண்டதா?
ஆறு ரசீது தருவதில்லை.

வந்த காலடிகளிலேயே கால் வைத்து
பின்னுக்கு நடந்து வெளியே வந்தேன்.
பதினேழு அடி.

வேலி இருந்த இடத்தில் ல்யூபோமிர் நின்றான்.
கையில் தகரப் பெட்டி, சேற்றில் கிடைத்திருக்கிறது.
திறந்து காட்டினான்:
சாம்பல் நிறக் கூழ்,
ஒரு மூலையில் மட்டும் பென்சில் புள்ளிகள்.
"அந்தச் சரிவுக்கு வரைபடம் போட்டவன் நான்,"
தரையைப் பார்த்துச் சொன்னான்.
"என்றைக்காவது கொடுத்துவிடலாம் என்று..."

என்றைக்காவது.

இருபது வருஷம். எத்தனை முறை
அவன் வீட்டு மீட்டரைப் பார்த்திருப்பேன்,
அந்தப் பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல வந்ததெல்லாம்
வாசலுக்கு வருமுன் வேறு வேறு வார்த்தையானது.
கடைசியில்
இன்னொரு ஜோடி கையுறையை நீட்டினேன்.
கூடத்தில் இன்னும் ஒரு சாண் சேறு இருந்தது.

கண்ணிவெடி எடுப்பவர்களின் பட்டியலில்
எங்கள் தோப்பு இருநூற்றுப் பன்னிரண்டாவது.
இப்போது ஆகஸ்ட்.
பறிக்க ஆளில்லாமல் பிளம் கனிந்து விழுகிறது.
ஒவ்வொரு 'தொப்'புக்கும்
பேச்சை நிறுத்துகிறோம்.
நாயைக் கட்டிப்போட்டிருக்கிறோம்.
கயிறு ஐந்தடி.
அளந்து கட்டியது ல்யூபோமிர்.
முடிச்சை இரண்டாம் முறை
இழுத்துப் பார்த்தது நான்.