கால் ஊன்றும் இடங்கள்

என் இடது முழங்காலுக்குக் கீழே ஆறு புள்ளிகள்.
முதல் நாள் பயிற்சி மாணவி
நரம்பு தேடி எலும்பில் குத்திப் பார்த்தது போல.
ஊசியல்ல, பெடல்.
ரப்பர் உதிர்ந்து இரும்புப் பல் மட்டும் மிஞ்சியது.
நவம்பர் மழை, அண்ணா பாலத்து ஏற்றம்,
செருப்பு வழுக்க
ஒரு சுற்று சுற்றிவந்து கடித்தது.
பிலவேந்திரன் அண்ணன் பஞ்சால் துடைத்தபடி
"டிடி போட்டு எத்தனை வருஷமாச்சு சிஸ்டர்?" என்றார்,
நோயாளிகளை அதட்டும் அதே குரலில்.

அன்றிலிருந்து இம்பீரியல் சாலையில்
முகங்களைப் பார்ப்பதில்லை நான்.
கட்டைவிரல் நுனியால் எட்டி எட்டி மிதிக்கும்
எட்டாம் வகுப்புப் பையன்.
வார் அறுந்த செருப்பை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு
வெறுங்காலில் போகும் ஐஸ் வண்டிக்காரர்.
உயரக் குதிகாலின் பள்ளத்தில்
பெடலைக் கொக்கி போல் மாட்டிக்கொண்டு
நிமிர்ந்து போகும் கூட்டுறவு வங்கி அம்மாள்.
சிரித்தேன். பிறகு யோசித்தேன்:
அவர் வழுக்கி நான் பார்த்ததே இல்லை.

காசிம் சைக்கிள் மார்ட்டில்
பழைய செய்தித்தாள் விரித்து மூன்று ஜோடி வைத்தார்கள்.
பிளாஸ்டிக், பூனைக்கண் ஒட்டியது.
கறுப்பு ரப்பர் கட்டை.
அலுமினியம், அகலமாய், முள்முள்ளாய்.
காசிம் பாய் சைக்கிளைப் பார்க்கவில்லை.
"எதைப் போட்டுக்கிட்டு ஓட்டுவீங்க?" என்றார்.
டூட்டி ஷூ. வெள்ளை.
எடுத்துத் திருப்பி அடிப்பாகத்தைத் தடவினார்.
"முள்ளு இதை ஒரே மாசத்துல தின்னுடும்."
தின்ற அடியோடு
பினாயில் போட்டுத் துடைத்த வார்டில் நடந்தால்?
சாலையில் பிடிப்பது தரையில் விடும்.
நாளை வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

ஞாயிறு விடிகாலை, கேஷுவாலிட்டியில்
ஒட்டிப் பிடிக்கும் உடையில் ஒரு பையன்.
பாண்டியிலிருந்து பிச்சாவரத்துக்குக் கிளம்பியவன்.
காறை எலும்பு முறிவு.
அவன் ஷூவைக் கழற்றினேன்.
கையில் எடையே இல்லை.
அடியில் ஒரு தகடு; அது பெடலில் பூட்டிக்கொள்ளுமாம்,
கால் விலகவே விலகாதாம்.
"வேகமா வந்து விழுந்தியா தம்பி?"
"இல்லக்கா. சிக்னல்ல நின்னேன். நின்னதும் விழுந்தேன்."
வலியிலும் வெட்கப்பட்டான்.
"ஷூ பத்திரம்க்கா" என்றான்.
கட்டிலுக்கு அடியில் ஜோடி சேர்த்து வைத்தேன்.

அன்று வீடு திரும்பும்போது எண்ணினேன்,
எத்தனை முறை கால் ஊன்றுகிறேன் என்று.
ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ.
பாலத்தடியில் போலீஸ் கை.
லாரன்ஸ் ரோட்டில் மட்டும் ஒன்பது:
மினி பஸ், வெள்ளாடு, மினி பஸ்,
நெத்திலிக் கூடையை இறக்கிவைத்து
நடுரோட்டில் சில்லறை எண்ணுகிற அக்கா...
முதுநகர் வருவதற்குள் முப்பத்தொன்று.
ஐந்தே முக்கால் கிலோமீட்டரில்
நான் ஓட்டுவது கொஞ்சம், நிற்பதுதான் நிறைய.

ரப்பர் கட்டையையே வாங்கினேன், அகலமான அளவில்.
ஓட்டுவதற்குத் தட்டையான கேன்வாஸ்,
கயிறு செயினில் சிக்காமல் உள்ளே செருகி.
வெள்ளை ஷூ இனி பாலித்தீன் பையில், முன்கூடையில்.
பாய் ஸ்பானரை எடுத்து
இடது பெடலை இறுக்குகிற பக்கம் திருப்பினார்.
கழன்று வந்தது.
"இந்தப் பக்கம் மரை தலைகீழ். தெரியாதா?"
இருபது வருடமாக மிதித்த காலுக்கு அது தெரியாது.

முதல் இரவு டூட்டி. தூறல்.
நெத்திலி அக்கா இருந்த இடத்தில் இன்று ஒரு எருமை,
யாருக்காகவும் அவசரப்படாமல்.
ஊன்றினேன்.
பள்ளம். கணுக்கால்வரை தண்ணீர், கேன்வாஸ் போச்சு.
ஆனால் பெடல் விட்டது,
கேட்காமலே, அந்தக் கணமே.
ஈரக் காலோடு நின்றுகொண்டிருந்தேன்,
எருமை கடக்கட்டும் என்று.
கூடையில் காய்ந்திருந்தது
விடியும்வரை நான் நிற்கப்போகும் ஜோடி.