அரைப்பேர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்றாம் மாடி.
கீழே பேக்கரி என்பதால் எங்கள் சர்வர் அறைக்கு
நாள் முழுக்கக் கிம்புலா பனிஸ் வாசனை.

நூற்றுப் பன்னிரண்டு புரொசீஜர்கள்,
ஒராக்கிளிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு.
லைசன்ஸ் காசு டொலரில்.
ஆகவே பதினொரு தோட்டத்துச் சம்பளம்
மாசி பிறக்குமுன் வீடு மாறவேண்டும்.

பாதி வேலை சும்மா பெயர் மாற்றம்தான்.
பழையவருக்கு இன்றைய தேதி சொல்வதென்றாலும்
டூயல் என்றொரு ஒற்றை வரி அட்டவணையிடம்
கேட்டுவிட்டுத்தான் சொல்வார்.
புதியவர் யாரிடமும் கேட்பதில்லை.
இதையெல்லாம் ஒரு கருவி மாற்றிவிடும்.
அது கைவிட்டது என் மேசைக்கு வரும்.

'வேறு எது நடந்தாலும்: ஒன்றுமில்லை.'
இப்படி முடிகிற புரொசீஜர் முப்பத்தொன்பது.
எழுதியவர் யாரென்று கோப்பில் இல்லை.
எது பிழைத்தாலும் வாயைத் திறக்காமல்
பதினாறு வருடம் சம்பளம் போட்டிருக்கிறது.

முதல் ஓட்டத்தில்
இருநூற்றுப் பதினான்கு சீட்டு பெயரில்லாமல் வந்தது.
இலக்கம் உண்டு, கழிவு உண்டு, சந்தா உண்டு,
பெயர் இருக்கவேண்டிய இடம் வெள்ளை.
திலினி தன் திரையை என் பக்கம் திருப்பி
"நீயா அழித்தாய்?" என்றாள்.

அழிக்கவில்லை.
பெயருக்கு முன்னால் தகப்பனின் முதலெழுத்தை
ஒட்டுகிற வரி அது.
எழுத்து இல்லாதவர்களை ஒராக்கிள்
இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடும்.
போஸ்ட்கிரஸில் நல் பட்டது எல்லாமே நல்,
தேசிக்காய் ஒரு சொட்டு விழுந்த பால்போல.
தகப்பன் பெயர் பதியாத தவமலர்
தவமலராகவும் இல்லாமல் போனாள்.

ஒரு சொல்லில் திருத்தினேன். பெயர்கள் திரும்பின.

அப்போதுதான் அவள் வரியை முழுதாகப் பார்த்தேன்,
இலக்கம் 1147, மார்கழி பதினொன்று.
காலை 5.9. பகல் 6.8. பின்னேரம் 5.7.
கூட்டினால் பதினெட்டுக் கிலோ, நானூறு கிராம் மிச்சம்.
பதினெட்டு எடுத்தால் முழுப்பேர்.

இங்கே பேர் என்றால் ஒரு நாள்.
பேர் விழுந்ததா என்றால் கூலி விழுந்ததா என்று பொருள்.

அவளுக்கு அரைப்பேர்.

திரும்பவும் கூட்டினேன். கல்குலேட்டரில், பிறகு தாளில்.
பிறகு அந்த வரி கண்ணில் பட்டது:
கூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு நிறுவையிலும்
புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ட்ரங்க் வெட்டுகிறது.
ஐந்து. ஆறு. ஐந்து.
பதினாறு.

கொழும்புக்கு எடுத்துச் சொன்னேன்.
ரொஷான் கெட்டவன் இல்லை.
இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தான்,
பின்னால் ஏசி இரைகிற சத்தம் கேட்டது.
"மாற்றத்தான் சொன்னார்கள் மாலதி, திருத்த அல்ல.
பழையதும் புதியதும் சதம் பிசகாமல் ஒத்துப்போனால்தான்
கையெழுத்து."

ட்ரங்க்
இரண்டு பக்கமும் ஒரே சொல்.
ஒரே எழுத்து, ஒரே அடைப்பு, ஒரே வெட்டு.
நூற்றுப் பன்னிரண்டிலும்
மொழிமாற்றமே தேவைப்படாத வரி அதுதான்.
கருவி அதை நிறுத்திக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளி இரவு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினோம்.
வித்தியாசம்: பூச்சியம்.
திலினி கைதட்டினாள். கீழேயிருந்து ரோல்ஸ் வந்தது.
நானும் இரண்டு தின்றேன்.

எல்லோரும் போனபின் ஒரு குவெரி எழுதினேன்.
வெட்டாமல் கூட்டினால் முழுதாகியிருக்கும் அரைப்பேர்கள்,
மார்கழி மட்டும், பதினொரு தோட்டம்:
மூவாயிரத்து நூற்றாறு.

அதை அழிக்கவில்லை.
ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தானாக ஓடி
எண்ணி வைக்கும்படி நேரம் குறித்துவிட்டேன்.
விடையை யாருக்கு அனுப்புவது என்ற கட்டம் மட்டும்
இன்னும் நல்.