கால் சுற்று

அவருக்கு இடது காது கேட்காது.
வலது, பெரிய சத்தங்களுக்கு மட்டும்.
ஆகவே காற்றுத் திருகாணியை அவர் திருப்ப
நான் கேட்க வேண்டும்.

ஏறாவூர் முஃபீத் கொண்டுவந்த பழைய ஹொண்டா.
"பெற்றோலக் குடிக்குது மாமா, கறுப்புப் புக"
என்றுவிட்டுக் கதிரையில் இருந்தான்.
புத்தகத்தில் ஒன்றரைச் சுற்று என்று போட்டிருக்காம்.
நாலு தரம் சொல்லிவிட்டான்.

எஞ்சின் சூடாகட்டும் என்று
செங்கலடிச் சந்தி வரை ஓடிவிட்டு வந்தார்.
திருகாணியை மெல்ல அடிவரை கொண்டுபோய்
எண்ணி எண்ணி வெளியே எடுத்தார்.
உள்ளே போனால் கலவை தடிக்கும்,
வெளியே வந்தால் மெலியும்.

நான் பில் புத்தகத்தை மூடினேன்.
பதுளை வீதியில் ஒரு பஸ் போய் முடியட்டும்.
இப்போது.
துடிப்பு, துடிப்பு, நடுவில் ஒரு விக்கல்.
"இன்னும்."
கால் சுற்று. விக்கல் ஒதுங்கியது.
"இன்னும்."
சத்தம் சன்னமாகி மேலே ஏறி
பால் பொங்கி விளிம்புக்கு வருகிற அவசரம்.
"காணும் காணும், பின்னுக்கு."
அவர் என் வாயைப் பார்க்கவே இல்லை.
இடக்கையை டாங்கியில் ஊன்றியிருந்தார்.
நான் சொல்ல முன்னமே திருப்பிவிட்டார்.
இருபத்தாறு வருசத்தில்
எங்களுக்குள் சண்டை வராத ஒரே இடம் இது.

ஆனால் முறுக்கினால் புகை.
சுவரில் போய் அப்பியது.
பிளக்கைக் கழற்றினால் சட்டியின் அடி.
வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருக்கவேண்டியது.

கிண்ணத்தை இறக்கி ஜெட்டை எடுத்தார்.
பித்தளை, நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிசு.
வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
கொம்பனி போட்ட ஓட்டை இல்லை.
ஊசியால் குடைந்தது,
விளிம்பில் ஒரு பக்கம் சரிந்த கீறலோடு.

கறுத்தப் பாலத்துக்கு அப்பால்
பெற்றோல் போகாத காலத்தில்
மண்ணெண்ணெய்க்கென்று குடைந்தது.
கண்மருந்துப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு
உதைத்துக் கிளப்பினால்
பிறகு மண்ணெண்ணெயில் ஓடும்,
தெருவெல்லாம் குப்பிவிளக்கு மணக்கும்.
அப்போது அவருக்கு இரண்டு காதும் இருந்தது.
எத்தனை வண்டி செய்தார் என்று கணக்கில்லை.
ஊசி மட்டும் எப்போதும்
இடப்பக்கம் வழுகும்.

"வாப்பா கரடியனாத்தில ஆரிட்டயோ வாங்கின,"
போனிலிருந்து தலையெடுக்காமல் முஃபீத் சொன்னான்.

"ஆருடையதெண்டு தெரியுதா?"
அவரைக் கேட்டேன்.
திரும்பவில்லை.
இடப்பக்கம் நின்று கேட்டிருக்கிறேன்.

புது ஜெட் போட்டார்.
திரும்பவும் பஸ், திரும்பவும் காத்திருப்பு,
திரும்பவும் அவர் கையும் என் காதும்.
முறுக்கினார். சுவர் சுவராகவே இருந்தது.

"எத்தின சுத்து மாமி?"
"ஒண்டே முக்கால்."
"புத்தகத்தில…"
"அந்தப் புத்தகம் இந்த றோட்டில ஓடல்ல, மகன்."

பழையதைத் தகரப்பேணியில் போடவில்லை.
சேட்டுப் பையில் போட்டார்.
நான் பில் எழுதினேன்:
ஜெட் ஒன்று. கூலி.
பழைய ஜெட், என்று மூன்றாவது வரி தொடங்கி
விலை தெரியாமல்
வெட்டினேன்.