ஏர் எடுக்க ஓர் ஆள்

வண்டிப் பரிசோதனைக்காரன் தாளில் எழுதிக் கொடுத்தான்:
பின் சக்கரம், இடது, பிரேக் இல்லை.
வலதில் ஏதோ இருக்கிறது, அதையும் நம்ப வேண்டாம்.
ஒரு மாதத் தவணை.

கெமியில் ஏப்ரல் என்பது
பனியும் சேறும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காத மாதம்.
கொட்டகை வாசலில் ஜாக்கி வைத்து ஏற்றி
சக்கரத்தைக் கழற்றினேன்.
டிரம் வரவில்லை.
பதினான்கு குளிர்காலத்துச் சாலை உப்பு
அதற்குள் குடித்தனம் நடத்தியிருக்கிறது.
சுத்தியலால் கேட்டேன். மாட்டேன் என்றது.
அதன் துளைகளில் இரண்டு போல்ட்டை விட்டு
கால் சுற்று இது, கால் சுற்று அது என்று முறுக்க
டொங்கென்று விழுந்தது,
தெருவுக்கே கேட்டிருக்கும்.

உள்ளே ஷூ இரண்டும்
நகம் கடிப்பவனின் நகம்.
சிலிண்டர் கசிந்து எல்லாம் பிசுபிசுப்பு.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம் பிரிக்க வேண்டும்,
பிரிக்காத பக்கத்தைப் பார்த்துத்தான் பூட்ட முடியும்.
தெரியும். தெரிந்தும்
சனிக்கிழமை வெயில் தந்த திமிரில்
இரண்டையும் பிரித்துப் போட்டுவிட்டேன்.
பச்சை ஸ்பிரிங் மேலேயா, கீழேயா?
போனில் எடுத்த படத்தில்
என் கட்டைவிரல் மட்டும் துல்லியம்.

ஒரு ஸ்பிரிங் இடுக்கியிலிருந்து துள்ளிப்
பனிக்குள் போனது.
காந்தம் கட்டிய குச்சியோடு முக்கால் மணி நேரம்.
அது கிடைத்தது. நவம்பரில் தொலைத்த தபால்பெட்டிச் சாவியும்.

மாலைக்குள் எல்லாம் பூட்டிவிட்டேன்.
பெடலை மிதித்தால் பஞ்சு.
குழாயில் காற்று.
ஏர் எடுக்க இன்னோர் ஆள் வேண்டும்:
உள்ளே ஒருவர் மிதிக்க, கீழே ஒருவர் திருக.
ரைலிக்கு ஆலையில் இரவு ஷிஃப்ட்.
கண்ணில் பட்டது ஐமோ மட்டும்,
வேலிக்கு அப்பால், கூரைக்குழாயில் பனிக்கட்டி உடைத்துக்கொண்டு.

இரண்டு குளிர்காலமாகப் பேச்சில்லை.
அவருடைய பனிவாரி இயந்திரம் வீசிய பனியில்
என் கொட்டகைக் கதவு பிளந்தது.
அவர் காற்றின்மேல் பழி போட்டார்.
நான் அவர்மேல்.

"உங்க கால் சும்மா இருக்கா?" என்றேன்.
தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்.
வந்தார்.
இருக்கையைப் பின்னால் தள்ளக்கூட இல்லை,
ஸ்டீயரிங்கில் முழங்கால் முட்ட உட்கார்ந்தார்.

அழுத்துங்க.
பிடிங்க.
ஸ்பேனரைக் கால் சுற்று திருக,
ஹெர்ரிங் மீன் தீர்ந்த ஜாடிக்குள்
குமிழி குமிழியாய்.
மூடிவிட்டேன். விடுங்க.

நான் மூடுமுன் காலை எடுத்தால்
வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும்.
அவர் எடுக்கவில்லை.

அழுத்துங்க.
பிடிங்க.
"அந்தக் கதவு..." என்று ஆரம்பித்தார்.
பிடிங்க, என்றேன்.
பிடித்தார்.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை.
முதுகுக்குக் கீழே அட்டை நனைந்து
சட்டைக்குள் ஈரம் ஏறிய பிறகு
ஜாடியில் குமிழி நின்றது.
"இப்போ கல்லு மாதிரி இருக்கு,"
உள்ளேயிருந்து குரல்.
இறங்கினார். கதவில் நான் அடித்திருந்த பலகையை
ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஞாயிறு காலை
துறைமுகச் சரிவில் இரண்டு முறை இறங்கிப் பார்த்தேன்.
சொன்ன இடத்தில் நின்றது வண்டி.
திரும்பி வரும்போது
அவர் பனிவாரிக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார்.
கையை உயர்த்தினேன் என்று சொல்ல முடியாது.
ஸ்டீயரிங்கிலிருந்து
இரண்டு விரல்.