நேரக்காப்பாளர், ஆரப்பாளையம்

பத்தொன்பது வருஷமாய் நான் விசில் ஊத
வண்டிகள் கிளம்புகின்றன.
நான் கிளம்பியதில்லை.

"கையை மார்பில் கட்டிக்கோங்க.
முப்பது வினாடி. உட்கார்ந்து எழுந்திரிங்க."
பிசியோதெரபி அறையில் ரிஸ்வானா எண்ணினாள்:
ஏழு.
எட்டாவதில் தொடை
நனைந்த சாக்காய்ச் சரிந்தது.

இன்சுலின் ஒரு சாவியாம்,
என் பூட்டு துருப்பிடித்ததாம்.
தசை இறுகித் தளர்ந்தால்
சாவி கேட்காத பின்கதவு ஒன்று திறக்குமாம்;
ரத்தத்தில் வெட்டியாய் நிற்கும் சர்க்கரை
அந்த வழியே உள்ளே போய் எரியுமாம்.

அன்றிலிருந்து
தேனி வண்டி போனால் பத்து.
திண்டுக்கல் போனால் பத்து.
டிரைவர் ஒச்சுக்காளை
கூண்டுக்குள் எட்டிப் பார்த்து
"என்னத்தத் தொலைச்சீங்க சார்?" என்கிறான்.

சில நாள் முழங்கால் முனகும்.
சில நாள் வடை வந்துவிடும், உட்கார்ந்தே விடுவேன்.
மூன்று மாதச் சர்க்கரை
ஒன்பதேகாலிலிருந்து எட்டரைக்குத்தான்
இறங்கியிருக்கிறது, டவுன் பஸ் மாதிரி
நின்று நின்று.

நேற்று போடி வண்டி நான்கு நிமிடம் தாமதம்.
பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்தை
வெறுமையாய் விட்டேன்.
விசில் வாயில் இருந்தது.
பதினொன்றாவது முறை
எழுந்துகொண்டிருந்தேன்.