இது தின்பதற்கல்ல

யோகோத்தேயைத் தாண்டியதும் நின்றுவிட்டது ரயில்.
பனி என்று அறிவித்தார்கள்,
ஜன்னல் என்று ஒன்று எங்களுக்கு இல்லாததுபோல.
இருக்கைக்கு அடியில் ஹீட்டர்
கெண்டைக்காலை மட்டும் வறுத்துக்கொண்டிருந்தது.

எதிரே இருந்தவர் பையைத் துழாவி
இரண்டு கேக் பொட்டலங்களை எடுத்தார்.
ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.
"கொமாகினே" என்றார்,
பெயர் தெரியாதவர் கையால் வாங்க
நான் தயங்குவேன் என்று நினைத்தோ என்னவோ.

நான் பின்பக்கம் படிப்பவள்.
அகிதாவில் ஒரு மருத்துவமனைச் சமையலறை.
பதினான்கு வருடமாய்
சர்க்கரைக்காரர், சிறுநீரகக்காரர் தட்டுகளுக்கு
உப்பை நிறுத்துத் தருகிறேன்.
இரவு பதினோரு மணிக்கு
அலமாரி முன்னால் நின்றுகொண்டே
க்ரீம் பன் தின்பவளும் நான்தான்.
அதன் பின்பக்கத்தை மட்டும் திருப்புவதில்லை.

இதைத் திருப்பினேன்.
அரிசி மாவு. சோயாபால் பிழிந்த சக்கை.
முட்டை. பீட் சர்க்கரை. கறுப்பு எள். உப்பு.
அவ்வளவுதான்.
வாயில் நுழையாத ஏழாவது பெயர் ஒன்று
எங்காவது பதுங்கியிருக்கும்.
ஒட்டிய மடிப்பைக்கூட நிமிர்த்திப் பார்த்தேன்.

"உள்ளே இருக்கிறது" என்றார்.

பிரித்தால்,
கேக்கின் முதுகில் ஒட்டிக்கொண்டு
தபால்தலை அளவுக்கு வெள்ளைப் பொதி:
இது தின்பதற்கல்ல.
"அதைப் போடுவது என் வேலை.
நிமிடத்துக்கு நாற்பது.
உள்ளே வெறும் இரும்புத்தூள்.
காற்றை அது தின்றுவிடும்,
கேக் பிழைத்துக்கொள்ளும்."
ஒன்பது வருடம்.
ஒருநாளும் தின்று பார்த்ததில்லையாம்.
இன்று மத்தியானம்
போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

சேர்ந்தே கடித்தோம்.
முதலில் ஒன்றுமே இல்லை.
ஈர மரத்தூள், என்று நினைத்தேன், சொல்லவில்லை.
அவர் சொல்லிவிட்டார்.
சிரித்ததில் எள் புரையேறி
பக்கத்து இருக்கைப் பையன்
காதிலிருந்து ஒயரைக் கழற்றிப் பார்த்தான்.

விழுங்கி முடித்த பிறகுதான்,
செருப்புச் சத்தம் இல்லாமல்
உள்ளே வந்துவிட்ட ஆள்போல
ஒரு தித்திப்பு
நாக்கின் அடியில் உட்கார்ந்திருந்தது.
எத்தனை கிராம் என்று எனக்குத் தெரியும்.
மென்றுகொண்டே அதை மறக்கப் பார்த்தேன்;
பாதி மறந்தது.

ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது.
காலி உறைகளை மடித்து என்னிடம் கொடுத்தார்,
குப்பைத்தொட்டி என் பக்கம் இருந்தது.
இரண்டு வெள்ளைப் பொதிகளை மட்டும்
தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எது கெட்டுப்போகாமல் இருக்கவோ.